இரண்டு கிளிகளும் கொஞ்சம் சிவப்புச் சாயமும்

ஜவ்வரிசி வடாம் காய்ந்ததும் ஏன் வெடித்துப் போகிறது என்று கேட்டு ஆறேழு கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்தத் தடவை அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன மாதம் எங்கள் கட்டிடத்தில் நடந்த ஒரு சங்கதி மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வடாம் அடுத்த இதழ் வரை காத்திருக்கட்டும். டில்லி வெயில் எங்கே போய்விடப் போகிறது!

எங்கள் வீட்டுக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஒரு தமிழ்ப் பெண் குடியிருக்கிறாள். கும்பகோணத்துப் பக்கம். கணவருக்கு மாதத்தில் பாதி நாள் டூர். நான்கு வயசில் ஒரே பிள்ளை. சாப்பிடப் படுத்துகிற குழந்தை. பருப்பு சாதக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனிக்கும் மாடிப்படிக்குமாக அவள் நடக்கிற நடையைக் கூட்டினால் ஆக்ராவுக்கே போய் வந்திருக்கலாம்.

சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணி இருக்கும். மேலேயிருந்து குரல் கொடுத்தாள்.

"மாமி, ஒரு நிமிஷம் வாங்கோளேன்! குழந்தைக்கு ஒண்ணு வாங்கியிருக்கேன், பாருங்கோ!"

போய்ப் பார்த்தால் புதுக் கம்பிக் கூண்டு. உள்ளே ஒரு கிளிக்குஞ்சு. இறகு முளைத்துவிட்டது, வால் இன்னும் நீளவில்லை. தோள் இரண்டிலும் குங்குமத்தை அப்பின மாதிரி சிவப்பு. பையன் கூண்டுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "மிட்டு, மிட்டு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயில் சாதம்! அதைப் பார்த்ததும் எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது.

"பஹாடி தோத்தாவாம் மாமி. மலைக்கிளி. சாதாரணக் கிளியைவிட நன்னாப் பேசுமாம். சைக்கிள்லே துணியைப் போட்டு மூடிக் கொண்டு வந்தான். மூவாயிரம் சொன்னான். பேரம் பேசி ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு முடிச்சேன்" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். என்னவோ சரியாக இல்லை. முதலில் அலகு. பஹாடி என்றால் குஞ்சிலேயே மூக்கு எடுப்பாக, முகத்துக்குப் பெரிசாக இருக்கும். இதற்கோ சின்ன மூக்கு. அப்புறம் அந்தச் சிவப்பு. குஞ்சுப் பருவத்தில் பஹாடிக்குத் தோளில் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். இதுவோ கல்யாணப் பெண் மாதிரி ஜொலிக்கிறது.

'மாமிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?' என்று கேட்பீர்கள். 1979-ல் கல்யாணமாகி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். ஹிந்தி தெரியாது, பேச்சுத்துணை கிடையாது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், கொஞ்சம் தள்ளி ஒரு முள்ளிலவு. இந்த ஊரில் செமல் என்பார்கள். அந்த இரண்டு மரத்துக்கும் வருகிற கிளிகள்தான் எனக்கு முதல் சிநேகிதிகள். கிளி என்றால் ஒரே கிளிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாசி மாதம் செமல் பூத்தபோதுதான், ஒரே கிளையில் அக்காவும் தங்கையும் போல இரண்டு அளவில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். சின்னது குஞ்சு, பெரியது தாய் என்று முடிவு கட்டினேன். எங்காத்துக்காரர் லைப்ரரியிலிருந்து சலீம் அலியின் பறவைப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டின பிறகுதான், இரண்டும் வேறு வேறு ஜாதி என்று தெரிந்தது.

சின்னது நம்ம ஊர்ப் பச்சைக்கிளியேதான். மாயவரத்தில் கொய்யா மரத்துக்கு வருமே, அதே. மூக்கிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய 40 செ.மீ. அதில் பாதிக்கு மேல் வால்தான். எடை நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. தராசில் வைத்தால் ஒரு நடுத்தரத் தக்காளிக்குச் சமம். பெரியது பெரிய பச்சைக்கிளி. வாலோடு 55, 60 செ.மீ. வரை போகும். எடை இருநூறு கிராமுக்கும் மேலே. அலெக்சாண்டரின் படையோடு பஞ்சாபிலிருந்து மேற்கே போன கிளி என்று சொல்லி இங்கிலீஷில் அந்த ராஜாவின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். தோளில் கருஞ்சிவப்புப் பட்டை, பாக்குவெட்டி மாதிரி கனத்த சிவப்பு மூக்கு. இந்த இரண்டும்தான் அடையாளம். தோள் சிவப்பு ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு.

கழுத்தில் ரோஜா நிறத்தில் வளையம் இருந்தால் அது உயர்ந்த ஜாதிக் கிளி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டு ஜாதியிலும் வளர்ந்த ஆணுக்குத்தான் வளையம். அதுவும் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு "இது ஆண், நிச்சயம் பேசும்" என்று ஒருவன் சத்தியம் செய்தால், அவன் எதற்கும் சத்தியம் செய்வான் என்று அர்த்தம்.

நடை உடை பாவனையிலும் வித்தியாசம் உண்டு. சின்னது பறந்தால் அம்பு விட்ட மாதிரிதான். மரத்துக்கு மரம் வளைந்து நெளிந்து, 'கீ, கீ' என்று காதைக் கிழித்துக்கொண்டு போகும். பெரியது இறக்கையை நிதானமாக அடித்துப் போகும். குரலும் கொஞ்சம் கரகரப்பு, கட்டைக் குரல். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற பெரிய ஆபீசர் தோரணை. சின்னது கூட்டுக் குடும்பம். சோளமோ கொய்யாவோ, பத்து இருபதாக இறங்கி, தின்றதைவிட அதிகமாகக் கடித்துக் கீழே போட்டுவிட்டுத்தான் நகரும். பெரியது பகலில் பெரும்பாலும் ஜோடியாகவோ நாலைந்தாகவோதான் மேயும். சாது என்று நினைக்காதீர்கள், பழத்தோட்டத்தை அதுவும் விட்டுவைப்பதில்லை! சாயங்காலம் அடைகிறபோது மட்டும் இரண்டு ஜாதியும் ஒரே மரத்தில் நெருக்கியடித்துக்கொள்ளும். அப்போது அந்த மரத்தடியில் நின்று யாரும் யாரோடும் பேச முடியாது.

'இலவு காத்த கிளி' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்களே, டில்லிக் கிளிக்கு அது பொருந்தவே பொருந்தாது. காய் வெடிக்கும் வரை எந்தக் கிளி காத்திருக்கிறது? மொட்டையும் பூவையும் பிய்த்து, தேனை ருசி பார்த்து, பூவிலேயே காரியத்தை முடித்துக்கொண்டு விடுகிறது.

குடித்தனம் வைக்கிற இடத்தில்தான் இரண்டுக்கும் விதி மாறுகிறது. இரண்டுமே கூடு கட்டத் தெரியாதவை. பொந்துதான் வேண்டும். சின்னது எதற்கும் ஒத்துப்போகும். மரங்கொத்தி விட்டுப்போன பொந்து கிடைத்தாலும் சரி, பழைய சுவரில் கல் பெயர்ந்த ஓட்டை கிடைத்தாலும் சரி. லோதி தோட்டத்துக் கல்லறை மண்டபங்களில் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின சுவரிலிருந்து பச்சைத் தலை எட்டிப் பார்ப்பதை நீங்களே பார்க்கலாம். வாடகை வீட்டில் எப்படியும் சமாளிக்கிற நம்மைப் போல! நாலு முட்டை, சில சமயம் அதற்கும் மேலே. லண்டனிலும் ப்ரஸ்ஸல்ஸிலும் கூண்டிலிருந்து வெளியே வந்த கிளிகள் அந்தக் குளிரிலேயே வம்சம் பெருக்கியிருக்கின்றன.

பெரியதின் உடம்புக்குப் பெரிய பொந்து வேண்டாமா? அதற்கு வயசான, பருத்த, உயரமான மரம் வேண்டும். டில்லியில் குளிர் காலத்திலேயே இடம் தேட ஆரம்பித்துவிடும். முட்டையும் குறைவு, இரண்டிலிருந்து நான்குக்குள். வயசான மரத்தை முதலில் வெட்டுகிற ஊரில் அது எங்கே போகும்? சரோஜினி நகரையும் சேர்த்து ஏழு பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டுவதற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்து, 2018 ஜூன் மாதம் ஜனங்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஹைகோர்ட்டும் வெட்டுவதை அப்போதைக்கு நிறுத்தி வைத்தது. என் பழைய வேப்பமரம் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மரம் போதாதென்று குஞ்சுத் திருட்டு வேறு. பெரிய கிளி நன்றாகப் பேசும் என்ற பெயர்தான் அதற்கு எமன். பொந்துக்குள் கையை விட்டு, கண் திறந்தும் திறக்காததுமாக எடுத்து விடுகிறார்கள். கிடைத்ததில் பல, வாங்குகிறவர் கைக்கு வருவதற்குள் செத்துப் போகின்றன. உலக அளவில் கணக்கு எடுக்கிறவர்கள் சின்னக் கிளிக்குக் கவலையில்லை என்கிறார்கள். பெரியதை ஆபத்தை நெருங்கும் பறவைகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். பெரியது கிடைப்பது குறையக் குறைய விலை ஏறுகிறது. விலை ஏறினால் போலி வராதா?

மேல்மாடிக்கு வருகிறேன். "கொஞ்சம் ஈரத்துணி கொண்டு வா" என்றேன். எதற்கு என்று கேட்காமல் கொண்டு வந்தாள். குஞ்சை மெதுவாகப் பிடித்துத் தோளை ஒற்றினேன். துணி ரோஜாக் கலராயிற்று. இன்னும் இரண்டு தரம் ஒற்றினதும் தோள் முழுக்கப் பச்சை.

அவள் ஒன்றும் பேசவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையன்தான், "அம்மா, மிட்டு பெயின்ட் அடிச்சுண்டிருக்கா?" என்று கேட்டான்.

"அவர் வந்தா என்ன சொல்வேன் மாமி? வீட்டுச் செலவுக்கு வெச்சிருந்த பணம்" என்றாள். கண்ணில் தண்ணீர். அடுத்த நிமிஷம் கூண்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குக் கிளம்பினாள். "திறந்து விட்டுடறேன். புண்ணியமாப் போகட்டும்!"

"நில்லுடி!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாளே எட்டிப் பார்த்துவிட்டாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். 1966-ல், மாயவரத்தில், எனக்கு ஒன்பது வயசு. எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கிளி வளர்ந்தது. பவுனு என்று பெயர். சாதமும் வாழைப்பழமும் பச்சை மிளகாயும் போடுவோம். (கிளிக்கு மிளகாய் உறைக்காது. அந்த உறைப்பை உணரும் சக்தி பறவைகளுக்கு இல்லை. அது தெரியாமல், 'எத்தனை தைரியம்!' என்று நான் மெச்சுவேன்.) ஒரு நாள் மேலே கூட்டமாகக் கிளிகள் கத்திக்கொண்டு போயின. பவுனு கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துப் பதிலுக்குக் கத்தியது. எனக்குத் தாங்கவில்லை. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்து விட்டேன். விற்றவன் இறக்கையைக் கத்தரித்துத்தான் கொடுத்திருந்தான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அது மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, சாய்ந்தாற்போல் அடுத்த வீட்டுக் கொல்லையில் விழுந்தது. நான் படி இறங்கி ஓடிச் சுவரேறிக் குதிப்பதற்குள் காக்கைகள் சூழ்ந்துகொண்டன.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கூண்டை எடுத்துப் பரணில் போட்டாள். அவ்வளவுதான்.

அந்தப் பெண் கூண்டைக் கீழே வைத்தாள். இருவருமாகக் குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்த்தோம். நான் நினைத்தபடியே, நீண்ட இறகுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் கத்தரித்திருந்தன. வளர்ப்பதா, விடுவதா? விடுவதற்கு இறக்கை இல்லை. வளர்ப்பது சட்டப்படி குற்றம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் நாட்டுக் கிளிகளுக்குப் பாதுகாப்பு உண்டு. 1990-91-லிருந்து நம் நாட்டுப் பறவைகளை வாங்கவும் விற்கவும் கூடாது. பெரிய கிளியோ சின்னக் கிளியோ, கூண்டில் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. "எங்க பாட்டி வீட்டிலே இருந்ததே மாமி!" என்றாள். எங்கள் வீட்டிலும்தான் இருந்தது.

சட்டம் ஒரு பக்கம். பையனுக்கு அவ்வப்போது இளைப்பு உண்டு. அதையும் சொன்னேன். கிளியின் எச்சம் காய்ந்து, தூளாகி மூச்சோடு உள்ளே போனால் சிட்டகோசிஸ் என்று ஒரு காய்ச்சல் வரலாம். தலைவலி, வறட்டு இருமல் என்று ஆரம்பித்து நிமோனியா வரைக்கும் போகக்கூடும். அடிக்கடி வருகிற வியாதி இல்லை, மருந்துக்குக் கேட்கவும் கேட்கும். ஆனால் வீட்டில் பறவை இருக்கிறது என்று நாம் சொன்னால்தானே டாக்டருக்கு அந்த யோசனை வரும்? புறாவோ கிளியோ அடைகிற பால்கனியைத் துடைப்பவர்கள் உலர்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வழித்தெடுங்கள். கையைச் சோப்புப் போட்டு அலம்பிய பிறகு குழந்தையைத் தொடுங்கள்.

கடைசியில் மறுநாள் காலை மூன்று பேருமாக ஆட்டோ பிடித்து சாந்தினி சவுக் போனோம். செங்கோட்டைக்கு எதிரே சிவப்புக் கல்லில் ஒரு ஜைனக் கோயில் இருக்கிறது. அதன் உள்ளேயே பறவைகளுக்கென்று ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பைசா வாங்குவதில்லை. ஜைனர்கள் நடத்துவதால் மாமிசம் தின்னும் பருந்து, கழுகுக்கு உள்ளே படுக்கை கிடையாது. வெளிநோயாளியாக வைத்தியம் பார்த்து அனுப்பிவிடுவார்கள். நம்ம மிட்டு சுத்த சைவம், அட்மிஷன் சுலபமாகக் கிடைத்தது!

பையன் அட்டைப்பெட்டியை மடியிலிருந்து விடவே இல்லை. அழுகையென்றால் அப்படி ஓர் அழுகை. பெட்டியை வாங்கிக்கொண்ட பெரியவர் கோபிக்காமல் குனிந்து, இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கிறவரை மிட்டு இங்கேயே இருக்கும், மற்றக் கிளிகளோடு பழகும், அப்புறம் பறந்துவிடும் என்று ஹிந்தியில் சொன்னார். "எங்க வீட்டுக்குப் பறந்து வருமா?" என்று இவன் தமிழில் கேட்டான். பெரியவருக்குத் தமிழ் புரியவில்லை, தலையை ஆட்டினார். நாங்களும் மொழிபெயர்க்கவில்லை.

ஊருக்குப் போயிருந்த கணவர் திரும்பி வந்து பணத்துக்காகக் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கிறார். அது எந்த வீட்டில் இல்லை? ஞாயிற்றுக்கிழமை மட்டும், நான் சொன்னதற்காக, எல்லோரையும் லோதி தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் ஐந்தரைக்குப் போனால் கிளிகள் அடைய வருகிற நேரம். பையனுக்கு இரண்டே பாடம் சொல்லிக்கொடுத்திருந்தேன்: மூக்கைப் பார், தோளைப் பார்.

முதல் கால் மணி சின்னக் கிளிதான். அம்பு அம்பாகப் போயிற்று. பையனுக்கு அலுத்துவிட்டது. திடீரென்று தலைக்கு மேலே ஒரு கட்டைக் குரல். மரத்தின் பட்டுப்போன கிளையில் இரண்டு வந்து உட்கார்ந்தன. ஒன்று அண்ணாந்து மூக்கைத் தேய்த்தது. சாய்ந்த வெயில் தோளில் பட்டது.

"பாட்டி, இது பெயின்ட் இல்லே!" என்று அவன் கத்தின கத்தலில் இரண்டும் பறந்துபோய்விட்டன. அதற்குள் அவன் அம்மா, திறந்திருந்த வாயில் இரண்டு உருண்டையை வைத்துவிட்டாள்.

கூண்டு இன்னும் அவள் பால்கனியில்தான் இருக்கிறது. வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள், காற்றோட்டமாக இருக்கிறதாம். வடாம் விஷயம் அடுத்த இதழில் கட்டாயம்.